ஊசிக்கு முன் பூசும் மரப்பு கிரீம்: எடைக்குறைப்பு அறுவைக்குக் காத்திருப்போருக்கு ஒரு மதிப்புரை

லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் தலா 2.5 சதவீதம் கலந்த வெள்ளை கிரீம் ஒன்று மருந்துக்கடைகளில் சிறிய டியூபில் கிடைக்கிறது. ஊசி குத்தப்போகும் இடத்தில் முன்கூட்டியே பூசி மூடி வைத்தால், அந்த இடத்துத் தோலை மரத்துப்போகச் செய்வது இதன் வேலை. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்காக நான் பரிசோதனைகளுக்கு அலைந்த காலத்திலும், அறுவை முடிந்து வீடு திரும்பிய பின்னும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியின் வலிக்கு அஞ்சுபவருக்கு இது காசுக்கேற்ற பொருள். ஊசியைக் கண்டாலே கண் இருண்டு மயங்கி விழுபவருக்கு இது பாதி மருந்துகூட இல்லை. மீதிப் பாதி கடையில் கிடைக்காது, ஆனால் கற்றுக்கொள்ளலாம். அதையும் இந்த மதிப்புரையில் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் ஒருவர் கத்திக்குப் பயப்படாமல் ஊசிக்குப் பயப்படுவதைக் கேட்டால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. ஆனால் கத்தி வைக்கும் நேரத்தில் நாம் முழு மயக்கத்தில் இருக்கிறோம், ஊசி போடும் நேரத்தில் முழு விழிப்பில் இருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எடைக்குறைப்பு அறுவைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளின் பட்டியலும் நீளமானது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, ரத்தம் உறையும் நேரம், ரத்த வகை, மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்ஐவி என்று சீட்டு நிறைந்துவிடுகிறது. மேசையில் ஊதா, நீலம், சாம்பல், மஞ்சள் மூடிகளோடு குழாய்கள் வரிசையாக அடுக்கப்படும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்தல் விழப்போகிறது என்றே மனம் கணக்குப் போடும். உண்மையில் குத்தல் ஒன்றுதான், குழாய்களை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். எல்லாக் குழாய்களையும் சேர்த்தாலும் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் இரண்டு மேசைக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ரத்த தானத்தில் ஒரே அமர்வில் 350 மில்லி எடுக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். இந்தக் கணக்கை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் சில இரவுகள் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பருத்த உடல்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருப்பதால் ரத்தக்குழாய் கண்ணுக்கும் தெரிவதில்லை, விரலுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. "நரம்பு கிடைக்கலக்கா, அந்தக் கைய காட்டுங்க" என்ற சொல்லைக் கேட்காமல் நான் எந்த ஆய்வகத்திலிருந்தும் வெளியே வந்ததில்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் முழங்கை மடிப்பில் குத்திவிட்டு, ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே இப்படியும் அப்படியும் துழாவிய பின், என் எடையைக் காரணம் காட்டி எனக்கே அறிவுரை கூறி அனுப்பினார்கள். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஊசிப் பயம் பலருக்கும் பிறவிக் குணம் அல்ல, இப்படிப்பட்ட அனுபவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாவதுதான் என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

இப்போது கிரீமுக்கு வருகிறேன். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் மடித்த தாளில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. படிக்காமல் பயன்படுத்துபவர்களே "இது வேலை செய்யாது" என்று சொல்பவர்கள். வலி நிவாரணத் தைலத்தைப்போல இதைத் தேய்க்கக் கூடாது. பட்டாணி அளவு எடுத்து மெலிதாகப் பரப்பினாலும் பயனில்லை. 5 கிராம் டியூபில் பாதியை ஒரே இடத்தில், இரண்டு அங்குல வட்டத்துக்குள், மேடு தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு ஒளி ஊடுருவும் பிளாஸ்திரியால், காற்று புகாமல் ஓரங்களை அழுத்தி மூட வேண்டும். அந்தப் பிளாஸ்திரி கிடைக்காதபோது சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஓரங்களில் டேப் ஒட்டியிருக்கிறேன், அதுவும் போதுமானதாகவே இருந்தது. மூடிய நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது. குறைந்தது 60 நிமிடங்கள் விட வேண்டும். அந்த நேரத்தில் தோலுக்குள் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரப்பு இறங்குகிறது, 2 மணி நேரம் விட்டால் 5 மில்லிமீட்டர் வரை போகிறது. சதைப்பிடிப்பான கைக்கு நான் 2 மணி நேரத்தையே சிபாரிசு செய்வேன்.

பிளாஸ்திரியை உரித்துக் கிரீமைத் துடைத்ததும் அந்த இடம் வெளுத்துப்போய், சில வேளை ஓரத்தில் லேசாகச் சிவந்து காணப்படும். இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, அந்த வெளுப்பு மருந்து அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வருவது. ரத்தம் எடுப்பவருக்கு இதனால் குழாயைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினமாகலாம் என்பது இந்தப் பொருளின் உண்மையான குறை. நரம்பு தெரியாத கைக்கு நரம்பை இன்னும் கொஞ்சம் மறைக்கும் மருந்து என்றால் யாருக்கும் யோசனை வரும். கிரீமைத் துடைத்த பிறகு ஐந்து பத்து நிமிடங்கள் கையைத் தொங்கவிட்டு, விரல்களை மூடித் திறந்து, வெதுவெதுப்பான துணியால் சுற்றி வைத்தால் இந்தக் குறை பெருமளவு சரியாகிவிடுகிறது. கிரீமை நீக்கிய பின்னும் ஒரு மணி நேரமாவது மரப்பு நீடிப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சொன்னதைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குத் தண்ணீர் தடையில்லை. காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போன நாட்களில் என் நரம்பு முதல் முயற்சியிலேயே அகப்பட்டது. அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காகக் கொடுக்கும் குறைந்த கலோரி உணவுமுறையின்போது உடல் வறண்டுபோகும் என்பதால், அந்த வாரங்களில் இது இன்னும் முக்கியம்.

எந்த இடத்தில் பூசுவது என்பதுதான் அடுத்த கேள்வி. முழங்கை மடிப்பில் பூசிக்கொண்டு போனால், கடைசியில் புறங்கையில்தான் நரம்பு கிடைக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், அப்போது காசும் காத்திருப்பும் வீண். ஆகவே முன்பு எந்த இடத்தில் எளிதாகக் கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கும் மாற்று இடம் ஒன்றிலும் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு டியூப் சரியாக இரண்டு இடத்துக்கு வரும். அதாவது ஒரு முறைக்கு ஒரு டியூப் தீர்ந்துவிடும். பரிசோதனைகள் பல நாட்களாகப் பிரியும்போது இது சிறிய செலவல்ல. எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில், ஒரே குத்தலில் எடுக்கும்படி மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொண்டால் டியூபும் மிச்சம், கையும் மிச்சம்.

குத்தும்போது என்ன தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். கூர்மையான சுருக்கென்ற வலி எனக்கு இல்லை. ஆனால் விரல் அழுத்துவது தெரிந்தது, ரப்பர் பட்டை இறுகுவது தெரிந்தது, ஊசி நுழையும் இடத்தில் யாரோ பென்சிலின் மழுங்கிய முனையை வைத்து அழுத்துவதுபோல் ஓர் உணர்வு இருந்தது. இந்த கிரீம் வலியை மறைக்கிறது, தொடுகையையும் அழுத்தத்தையும் முழுவதும் மறைப்பதில்லை. இதை அறியாதவர் அழுத்தம் தெரிந்த மறுகணமே கிரீம் பொய்த்துவிட்டது என்று பதறிக் கையை இழுத்துக்கொள்வார். துழாவும் ஊசிக்கும் இது காப்பு ஆகாது, ஏனென்றால் மரப்பு தோலின் சில மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகிறது.

மயக்கம் போடுபவர்களின் கதை வேறு. பெரும்பாலான பயங்களில் இதயம் படபடத்து ரத்த அழுத்தம் ஏறி அப்படியே நிற்கும். ரத்தத்தையும் ஊசியையும் பற்றிய பயத்தில் மட்டும் பலருக்கு முதலில் ஏறிய அழுத்தம் திடீரெனச் சரிந்து, இதயத் துடிப்பும் மந்தமாகி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. காது அடைத்து, உள்ளங்கை வியர்த்து, வாய் உமிழ்நீர் சுரந்து, பார்வையின் ஓரங்கள் கறுப்பது அதன் முன்னறிவிப்பு. இந்த நேரத்தில் சுற்றியிருப்பவர்கள் "மூச்சை இழுத்து விடு, உடம்ப தளர்த்து" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் அழுத்தத்தைத் தளர்ச்சி மேலும் சரிக்கவே செய்யும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர் எதிரான ஒரு பயிற்சியை வகுத்தார். கால், தொடை, வயிறு, கைத் தசைகளை 10 முதல் 15 நொடிகள் முகத்தில் சூடு ஏறும்வரை இறுக்கிப் பிடித்து, பிறகு 20 முதல் 30 நொடிகள் முழுவதும் தொய்யாமல் சாதாரண நிலைக்கு வந்து, இதை ஐந்து முறை திரும்பச் செய்ய வேண்டும். தசை இறுகும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் தாங்கும்வரை மயக்கம் வராது. ஊசி போகும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்ற உறுப்புகளை இறுக்கப் பழகுவதுதான் இதில் சிரமமான பகுதி. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதே தினமும் பழகிவிட்டால் ஆய்வகத்தில் தானாக வரும். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இதைத் தொடங்க வேண்டும். எடைக்குறைப்பு அறுவைக்கு வருபவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றோடுதான் வருகிறார்கள்.

கிரீமும் தசைப் பயிற்சியும் சேர்ந்தாலும், ரத்தம் எடுக்கும் இடம் ஒத்துழைக்காவிட்டால் பாதி வீண்தான். வடசென்னையில் காலை ஆறரை மணிக்கே ஆய்வகங்களின் வாசலில் சர்க்கரைப் பரிசோதனைக்காரர்கள் டோக்கனோடு அமர்ந்துவிடுகிறார்கள். ஏழரை மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் கையை நீட்டுபவரிடம் பரிவு காட்ட ஊழியருக்கு நேரம் இருப்பதில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தண்டையார்பேட்டையில் நான் இப்போது போகும் ஆய்வகத்தில் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டால் கூட்டம் தணிந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள், உள்ளறையில் ஒரு படுக்கை இருக்கிறது, படுத்த நிலையில் எடுக்கச் சம்மதிக்கிறார்கள். அங்குள்ள தம்பி முதலில் "அக்கா, இதுக்கு முன்னாடி மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டார். வேறு எங்கும் யாரும் இதைக் கேட்டதில்லை. மெல்லிய ஊசியும் நீண்ட குழலும் கொண்ட, பட்டாம்பூச்சி இறக்கை ஒட்டிய ஊசியை எடுத்தார், குழாய்களை என் தலைக்குப் பின்னால் வைத்தார், எடுத்து முடித்ததும் பத்து நிமிடம் எழக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். கிரீமுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை இவருக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கே வந்து எடுக்கும் சேவையையும் முயன்றேன். சொந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், கிரீம் போட்ட நேரத்தைக் கணக்கிடுவதும் எளிது. ஆனால் வருபவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், கடினமான கை என்றால் துணைக்கு அழைக்க அங்கே மூத்தவர் யாரும் இல்லை. பயம் அதிகமுள்ளவர்களுக்கு, தெரிந்த ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போவதே சிறந்தது. பயண நேரத்தைப் பொறுத்தவரை 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது திருவொற்றியூர், காலடிப்பேட்டை பக்கத்தவர்களுக்கு இந்த விஷயத்திலும் உதவுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் எப்போது போய்ச் சேருவோம் என்று கணிக்க முடியாது. கிரீம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலும் கெட்டுப்போவதில்லை என்பதால், தாமதம் நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுவை நாளன்று மருந்தும் திரவமும் ஏற்றுவதற்காகப் புறங்கை ரத்தக்குழாயில் வென்ஃப்ளான் என்ற குழல் ஊசியைப் போடுவார்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட இது தடிமனானது, ஆகவே கிரீம் இங்கேதான் அதிகம் பயன்படுகிறது. முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம் எந்தக் கை, எந்த இடம் என்று கேட்டு, வார்டு சிஸ்டரிடமும் சொல்லி வைத்துப் பூசிக்கொண்டேன். வென்ஃப்ளானைப் பற்றி என்னை வாட்டிய எண்ணம், ஊசி நாள் முழுவதும் கைக்குள்ளேயே இருக்கும் என்பது. அது தவறு. உள்ளே நுழைந்ததும் உலோக ஊசியை உருவி எடுத்துவிடுகிறார்கள், கையில் தங்குவது மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழல் மட்டுமே. சிஸ்டர் உருவிய ஊசியை எனக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்ட பிறகுதான் கையை மடக்கவே துணிவு வந்தது.

அறுவைக்குப் பின் ரத்தம் உறைந்து கால் நரம்பில் அடைக்காமலிருக்க எனாக்சபரின் என்ற ஊசியை வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிறார்கள், சிலருக்கு வீடு திரும்பிய பின்னும் சில நாட்கள் தொடர்கிறது. இதற்கு கிரீம் வாங்கி வீணாக்க வேண்டாம். இந்த ஊசி மிக மெல்லியது, குட்டையானது. அதில் தெரிவது குத்தலின் வலியைவிட, மருந்து உள்ளே போகும்போது வரும் எரிச்சல், அது கிரீம் எட்டாத ஆழத்தில் நடக்கிறது. தினமும் இடத்தை மாற்றிப் போடுவதும், போட்ட பின் தேய்க்காமலிருப்பதும் கிரீமைவிட நன்றாக உதவின.

யார் இதை வாங்கக் கூடாது என்பதில் கவனம் தேவை. இதிலுள்ள பிரிலோகெய்ன் சிலருக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களும், சல்ஃபா அல்லது டாப்சோன் மாத்திரை எடுப்பவர்களும், இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. புண், சொறி உள்ள தோலில் பூசவே கூடாது. சீட்டு இல்லாமல் தருகிறார்கள் என்பதற்காகச் சீட்டு வேண்டாம் என்று ஆகிவிடாது. பயம் தாங்காமல் யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவது இதைவிட ஆபத்தானது. பருத்த உடல்காரர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறது, அவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சையே மந்தமாக்கும்.

இந்த அறுவைக்கு முன் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொல்வது வழக்கம். அதைத் தகுதித் தேர்வாக எண்ணி, ஊசிப் பயத்தை மறைத்துவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. அங்கே சொல்வதால் அறுவை தள்ளிப்போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. படம் பார்ப்பதில் தொடங்கி, ஊசியைக் கையில் பிடிப்பது, தோலில் வைத்துப் பார்ப்பது என்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை அவர்களிடம் இருக்கிறது. பயத்தால் பரிசோதனைத் தேதியைத் தள்ளிக்கொண்டே போகும் அளவுக்கு நிலைமை இருந்தால் கிரீமுக்கு முன் அங்கே போக வேண்டும். அறுவை முடிந்ததும் ஊசி முடிந்துவிடுவதில்லை. முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறையும் பிறகு ஆண்டுதோறும் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பி12 குறைந்தால் அதையும் சிலருக்கு ஊசியாகவே போடுவார்கள்.

பெரம்பூர், தண்டையார்பேட்டையில் பெரிய மருந்துக்கடைகளில் கேட்டால் கிடைக்கிறது, தெருமுனைக் கடைகளில் ஒரு நாள் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். கடைக்காரர் பல்வலிக்குப் பூசும் ஜெல்லையோ வேறு லிக்னோகெய்ன் ஜெல்லையோ எடுத்துத் தர வாய்ப்புண்டு. அவை வாய் போன்ற ஈரமான உட்பரப்புக்கானவை, காயமில்லாத தோலைச் சரியாக ஊடுருவாது. டியூபில் இரண்டு மருந்தின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்திரியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலும் கிரீமோடு வருவதில்லை. 30 கிராம் டியூபும் கிடைக்கிறது, கிராம் கணக்கில் அது மலிவு. அறுவைக்கு முன்னும் பின்னும் வரும் பரிசோதனைகளைக் கணக்கிட்டால் அதை வாங்கிக் காலாவதித் தேதியைக் குறித்து வைப்பதே சிக்கனம். ஐந்துக்கு வலிக்காக நான்கு மதிப்பெண், மயக்கத்துக்காக ஒன்று.